அம்மா சத்தமாகப் படித்த பெயர்

ஒரு கையால் தாயின் வாயில் மசித்த சோற்றை ஊட்டிக்கொண்டே, மறு கையால் மடிக்கணினித் திரையைப் பூட்டினாள் மகள். எழுந்தால் பூட்டு, திரும்பினால் பூட்டு. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'பூட்டு'.

அரசு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளைக் காக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. யாருக்கு என்ன நோய் என்பது வெளியே போகக் கூடாது என்று நாடு முழுமைக்கும் விதி உண்டு. அதை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. மேசையில் காகிதத்தை விட்டுப் போனவர்களைக்கூட மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார ஆளில்லாத அளவுக்குக் கெட்ட பெயர் வாங்கியிருந்தாள்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, வீட்டிலிருந்து வேலை செய்யப் போராடி அனுமதி வாங்கினாள். தனி அறை, சாத்திய கதவு என்பது நிபந்தனை. கதவைச் சாத்தினால் அம்மா ஊரைக் கூட்டினார். அதனால் மேசையை அம்மாவின் அறைக்கே கொண்டுவந்தாள். நினைவு தப்பியவர்தானே, ஆள் கணக்கில் வரமாட்டார் என்று நினைத்துவிட்டாள்.

அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகளை மறந்தார், எழுத்தை மறக்கவில்லை. மாத்திரை அட்டையோ நாட்காட்டியோ, கண்ணில் பட்டதை வகுப்புக்கே கேட்கும் குரலில் படிப்பார். அன்று சாப்பாடு முடிந்து மகள் மறுபடி வேலையில் உட்கார்ந்தாள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் நான், புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைத்தேன். முகம் திரைப் பக்கம் திரும்பியது. ஒருவரின் முழுப்பெயர், வயது, நோய். திருத்தமாகப் படித்தார்.

மகள் திரையைப் பூட்டினாள்.

"கேட்டுச்சா பெரியம்மா?"

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டா வேலை செய்யறேன்? கேட்டுச்சு. நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்லப் போறேன்?"

"அது பேச்சில்ல. வெளி ஆள் காதுல விழுந்துடுச்சு. எழுதிக் கொடுக்கணும்."

"கொடுத்தா?"

"அனுமதி போயிடும். தினமும் ஆபீஸ்தான். உள்ள போன் கூடாது, வாசல் பெட்டியில வச்சுட்டுப் போகணும். அம்மாவுக்கு ஏதாவதுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ பேசாம இரேன். உங்கம்மாவா வந்து சாட்சி சொல்லப் போறாங்க?"

சிரித்தாள், அழாத குறையாக. "பக்கத்து சீட்டுக்காரர் குழந்தைக்குக் காய்ச்சல்னு ஃபைலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. நான் விட்டேனா?"

"அங்க யாரு பேசறது? வாயில விரல் வை!" என்றார் அம்மா.

அன்று மாலையே எழுதி அனுப்பினாள். அனுமதி ரத்து என்று இருட்டுமுன் பதில் வந்தது. மடிக்கணினியைப் பையில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. போய்ப் படு என்றேன்.

மறுநாள் விடியும்போதே போனேன். அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி முடித்திருந்தாள். அலுவலக வாசல் காவலாளியின் தொலைபேசி எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிப் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள்.

"அவசரம்னா இதுக்கு அடிங்க பெரியம்மா. அவரு உள்ள வந்து என்னைக் கூப்பிடுவாரு."

அம்மா எண்ணைக் கணீரென்று படிக்கத் தொடங்கினார். மகள் பையைத் தோளில் மாட்டி, கடைசி இலக்கம் வரை நின்று கேட்டுவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள்.