மஞ்சள் மூடி டியூப்

வெஸ்னா அப்படியொன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் ஊரில் உருக்காலைத் தொழிலாளியின் மகள். தங்கள் மாசிடோனியச் சொந்தக்காரர் கல்யாணங்களில் மாமன்மாரையே அடக்கி உட்காரவைப்பவள். அவளைக் குலைநடுங்க வைத்தது டிசம்பர் மாதம் ஒன்றுதான். டிசம்பரில் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது.

அவளைக் காப்பாற்ற இருந்தது ஒரே ஒரு முகடு. சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைக் கருவியில் ஓட்டினால், ஏழாவது நிமிடத்தில் திரையில் ஓடும் கோட்டில் கூர்மையாக ஒரு முகடு எழும். நல்ல உடம்புக்காரர்களின் ரத்தத்தில் அது கிடையாது. மூன்று வருட உழைப்பு. நோய் முற்றுமுன்பே காட்டிக்கொடுக்கும் அடையாளம் இது என்று குழுத் தலைவர் ராஸ் வியாழக்கிழமை அடிலெய்டு மாநாட்டில் அறிவிக்கப் போகிறார். அறிவித்தால் அவளுக்கு இன்னும் நான்கு வருடம் வேலை உண்டு.

செவ்வாய் காலை ஸ்டோர்காரர் டாரில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"மஞ்ச மூடி டியூப் இனிமே வராதும்மா. கிட்னி வார்டுல மட்டும்தான் அத வச்சிருந்தாங்க, தீந்துபோச்சாம். நம்ம ஆளுங்ககிட்ட ரத்தம் எடுத்தியே, அந்தப் பச்ச மூடியையே எல்லாத்துக்கும் வச்சுக்க."

வெஸ்னா பெட்டியிலிருந்து ஒரு பச்சை மூடி டியூபை எடுத்துப் பார்த்தாள். நோயாளிகளின் ரத்தம் எல்லாம் மஞ்சள் மூடியில் வந்தது. ஒரு துண்டு லாமிங்டன் கேக்குக்காகக் கையை நீட்டிய, நல்ல உடம்புக்காரர்களான சக ஊழியர்களின் ரத்தம் எல்லாம் பச்சை மூடியில். அப்படியென்றால் முகடு நோயிலிருந்து வருகிறதா, டியூபிலிருந்தா? கெட்டிக்காரிதான், மூன்று வருடமாக ரத்தத்தையே பார்த்தவள், அது வந்த பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

தன் மேசையில் மிச்சமிருந்த ஒரு மஞ்சள் மூடி டியூபில் சுத்தமான தண்ணீரை ஊற்றினாள். டியூப்தான் காரணம் என்றால் தண்ணீரிலும் முகடு எழும். ரத்தத்துக்குச் செய்யும் எல்லாப் பக்குவமும் செய்து கருவிக்குக் கொடுத்தாள். கோடு தரையோடு ஊர்ந்தது. அப்படியே இரு, அப்படியே இரு என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஏழாவது நிமிடத்தில் எழுந்தது, அதே இடத்தில், அதே கூர்மையோடு.

யாரும் பார்க்கவில்லை. பதிவை அழித்துவிட்டால் வியாழக்கிழமை நல்லபடியாக வரும், டிசம்பரும் ஒன்றும் செய்யாது. விரல் அழிக்கும் பொத்தான் வரை போய்விட்டது.

அப்போதுதான் ராஸ் காபிக் கோப்பையோடு வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார்.

"இவ்ளோ சுத்தமா ஒரு முகட நான் பாத்ததே இல்ல. அடிலெய்டுல இதையே காட்டிடலாம். எந்த நோயாளி இது?"

ஏதாவது ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

"நோயாளி இல்ல ராஸ்," என்றாள். "வெறும் தண்ணி."