தலைகீழாக ஊன்றிய பத்து வெங்காயம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சரைப் பற்றி ஊரில் முதலில் பரவிய செய்தி, அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். பரப்பியவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. டீச்சர் தினமும் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவார். வேர் கீழே போகும், முளை மேலே வரும் என்று ஒருநாள் புத்தகத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்து, "வெங்காயத்தத் தலைகீழா ஊனுனா வேர் மேல வருமா டீச்சர்?" என்று கேட்டேன். அதிகப்பிரசங்கி என்று குட்டு விழும் என்று தலையைச் சற்றுச் சாய்த்தும் வைத்துக்கொண்டேன். அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியாதே. நீ ஊனிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

டீச்சருக்கே தெரியாதாம்! சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். அதைக் கேட்டுப் பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். அப்பாவுக்கு மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பெண்பிள்ளைக்கு ஐந்தாவது போதும், ஆறாவதுக்குத் திண்டுக்கல் பஸ் ஏற்றுகிற வேலையே வேண்டாம் என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு டீச்சரா? அத நம்ம வீட்டு மாடே சொல்லுமே" என்றார். அப்பா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான். பிறகும் பலமுறை தோன்றியிருக்கிறது, பயன்தான் இல்லை.

அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் ஊன்றப் போகிறார்கள் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு ஊனி, அது முளைக்கலன்னா? தலைகீழா வச்சதாலயா, சொத்தையா இருந்ததாலயான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பத்து நேராக, பத்து படுக்கையாக, பத்து தலைகீழாக ஊன்றுவது என்று முடிவு செய்தேன். எல்லாம் ஒரே அளவு வெங்காயம், ஒரே பாத்தி, ஒரே தண்ணீர். டீச்சர் அதைச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறேழு பெண்கள் வெங்காயம் ஊன்றிக்கொண்டிருக்க, நானும் கூடையோடு ஓரத்துப் பாத்தியில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று பெரியப்பா தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். திண்டுக்கல்லில் மண்டி வைத்திருந்தவர் அவர். வெங்காயத்தை மூட்டையாகப் பார்த்தவரே தவிர, குனிந்து ஒன்றை மண்ணில் வைத்தவர் இல்லை. ஆனாலும் வேர்ப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"விதை வெங்காயத்தப் பாழாக்குறா பாரு! படிப்பு படிப்புன்னு இம்புட்டுத்தான் படிச்சிருக்கா!"

கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பா மாடுகளை நிறுத்திவிட்டு வந்தார். பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, என்றைக்கும் இல்லாமல் சத்தமாகப் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. தலைகீழா வச்ச பத்துல பாதிக்கு மேல முளைச்சா இவ ஆறாவது போகட்டும். முளைக்கலன்னா பள்ளிக்கூடப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமாண்ணே?"

"பத்து நாள் தவணை. சம்மதம்டா!" என்றார் பெரியப்பா.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. பெற்ற அப்பாவே இப்படிச் செய்வாரா என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஐந்தாம் நாள் நேராக வைத்தவை பச்சையாக எட்டிப் பார்த்தன. ஏழாம் நாள் படுக்கையாக வைத்தவையும் வந்துவிட்டன. தலைகீழ்ப் பத்தும் கல்லாகக் கிடந்தன. எட்டாம் நாள் டீச்சரிடம் அழுதேவிட்டேன். "ஒண்ணே ஒண்ணத் தோண்டிப் பாரு. மத்த ஒம்பதத் தொடாத" என்றார். ஓடிப்போய் ஒன்றை விரலால் கிளறி எடுத்தேன். மேல்பக்கம் கிளம்பிய வேர்கள் வெங்காயத்தைச் சுற்றிக் கீழே இறங்கியிருந்தன. அடியில் கிளம்பிய முளை கொக்கியாக வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அடேயப்பா, அந்த இருட்டில் அதற்கு வழி சொன்னது யார்! கிணற்று மேட்டில் நின்று நான் போட்ட கூச்சலில் கமலை மாடுகள் மிரண்டன.

அதைக் கொட்டாங்கச்சியில் மண்ணோடு வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். டீச்சர் தரையில் குந்தி உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பத்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லிக் குடுத்தது" என்றார். வகுப்பே கை தட்டியது. பத்தாம் நாள் காலையில் மீதி ஒன்பதில் ஏழு மண்ணைப் பிளந்துகொண்டு நின்றன. பெரியப்பா ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார். நான் ராணி மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா இது?" என்று அப்பாவிடம் சீறினார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "என்னண்ணே செய்ய, அம்புட்டுப் பேரு முன்னால வாக்குக் குடுத்துட்டோம். இனி எப்படி மாத்துறது?"

தோற்றுப்போய் நின்ற அப்பாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதீங்கப்பா, அடுத்த தடவ நீங்க ஜெயிப்பீங்க" என்று பெரிய மனதோடு ஆறுதல் சொன்னேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கமலைக்குப் போய்விட்டார். ஜூன் மாதம் நான் திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

பிற்பாடு நானும் அறிவியல் டீச்சரானேன். இந்தக் கதையை வருஷம் தவறாமல் வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். ஒரு வருஷம் சேவுகம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், எங்கம்மால்லாம் அவசரத்துல பாதி வெங்காயத்தத் தலைகீழாத்தான் ஊனும். எல்லாமே முளைச்சிரும். வெங்காயம் போடுற உங்கப்பாவுக்கா அது தெரியாது?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தோற்பதற்கென்றே அப்பா கட்டிய பந்தயம் அது. அதில் ஜெயித்ததற்காக நான் அவருக்கு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன்.