பற்றற்றவருக்கு ஒரு விண்ணப்பப் படிவம்

சென்ற வாரம் என் வாதத்தை நானே எதிர்த்துப் பேசி, படுதோல்வி அடைந்தேன்.

மேடை ஏறிய நாள் முதல் எளிதில் தோற்காதவன் நான். இதைத் தற்பெருமை என்று கொள்ளவேண்டாம், தகவல். ஆகவே, அந்தத் தோல்வி எப்படி நேர்ந்தது என்பதையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. ஆயுத பூஜைக்குப் பட்டிமன்றம். மனநிறைவு தருவது பற்றா, பற்றின்மையா? எனக்குப் பற்று அணிதான் வேண்டும் என்று நடுவரிடம் கேட்டேன்.

“அதுக்கு சீனியர் இருக்காருப்பா. நீ சாமியார் பக்கம் பேசு” என்றார்.

கொடுத்த பக்கத்தை நம்பியவன்போல் பேசுவதே எங்கள் தொழில் தர்மம். கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறினேன்... சூளகிரி தாண்டுவதற்குள் துறவியாகிவிட்டேன்.

“பிறக்கும்போது எந்தக் கம்பெனியின் ஐடி கார்டை அணிந்து வந்தோம்? இறக்கும்போது எந்த சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போகிறோம்? எதற்கும் அர்த்தமில்லை, அர்த்தமில்லை என்று அறிந்தவனுக்கு அச்சமில்லை!” கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிறந்த பேச்சாளருக்கான எவர்சில்வர் டிபன் கேரியரைப் பெற்றுக்கொண்டேன் — பற்றில்லாமல்தான்.

பத்து நாள் கழித்து ஒரு போன்.

“சார், என் பேரு முனிராஜ். நீங்க பேசின கம்பெனில காண்ட்ராக்ட்ல இருக்கேன். ஒம்போது வருஷம். தெனம் கேட்ல கார்டு வெக்கும்போது, இன்னிக்கு இது வேலை செய்யுமா, நம்மள நிறுத்திட்டாங்களான்னு கை நடுங்கும். உங்க பேச்சைக் கேட்டதுல இருந்து நடுங்கல சார். எதுலயும் அர்த்தம் இல்லன்னு புரிஞ்சிடுச்சி.”

நெகிழ்ந்தேன். சொற்பொழிவால் ஒருவர் கரையேறியதாக அதுவரை கேள்விப்பட்டதில்லை.

“பர்மனென்ட் பண்றதுக்கு அப்ளிகேஷன் குடுத்திருக்காங்க. நான் எழுதப் போறதில்ல சார்.”

நெகிழ்ச்சி அங்கேயே நின்றது. போன் கைமாறியது. அவர் மனைவி மஞ்சுளா.

“தம்பி, அவரு நல்லாத் தூங்குறாரு. நாங்கதான் முழிச்சிக்கினு இருக்கோம். திங்கக்கிழமை கடைசி நாளு. ஏத்தி விட்டது நீங்க. எறக்கி விடறதும் நீங்கதான்.”

ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். டிவிமேல் படிவம் கிடந்தது, ஒரு எழுத்துகூட நிரப்பப்படாமல். மஞ்சுளா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பற்றின் பக்கம் நின்று பேசினேன். குடும்பம், கடமை, எதிர்காலம்... நடுவர் தர மறுத்த அணியின் மொத்தச் சரக்கையும் இறக்கினேன். முனிராஜ் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் செல்போனை எடுத்து என் பேச்சின் பதிவை ஓடவிட்டார்.

“இதுக்கு என்னா சொல்றீங்க சார்?”

என்ன சொல்வது? குரல் கம்பீரமாக இருந்தது. வாதத்தில் ஓட்டையே இல்லை. அது நடுவர் கொடுத்த அணி என்று விளக்கினேன்.

“அப்ப பொய்யா பேசினீங்களா?”

“பொய்யில்லை... எனக்குக் கொடுக்கப்பட்ட பக்கம்.”

“இப்ப பேசறது யாரு குடுத்த பக்கம்?”

நான் மஞ்சுளாவைப் பார்த்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன். பர்மனென்ட் ஆனா அதுல அர்த்தம் இருக்குதா?”

“இல்ல.”

“ஆவலன்னா?”

“அதுலயும் இல்ல.”

“கையெழுத்து போட்டா?”

“இல்ல.”

“போடாம இருந்தா?”

முனிராஜ் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

“எல்லாம் ஒண்ணுதான்னா, போட்டுட்டு அப்புறம் சாமியாரா இருங்க. போடமாட்டேன்னு எதுக்கு இந்தப் புடிவாதம்?”

அவர் டிவிமேல் கிடந்த படிவத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு மெல்லிய குரலில், “எழுதிக் குடுத்து, வேணான்னுட்டாங்கன்னா?” என்றார்.

ஒன்பது வருடப் பயம் மூன்றே சொல்லில் வெளியே வந்துவிட்டது. விண்ணப்பிக்காதவனை யாரும் நிராகரிக்க முடியாது. எந்தத் தத்துவமும் தரமுடியாத நிம்மதி அதில் இருக்கிறது. அதற்கு நான்தான் காவி உடுத்திக் கொடுத்திருக்கிறேன்.

“வேணான்னா, இப்ப இருக்கற மாதிரியே இருப்போம். போடுங்க” என்றார் மஞ்சுளா.

பேனா என்னுடையது. என் பங்களிப்பு அவ்வளவே.

திங்களன்று படிவத்தைக் கொடுத்துவிட்டார். பெயர்ப் பட்டியல் எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லையாம். கை மறுபடியும் நடுங்குகிறது என்கிறார். ஒரு மனிதருக்கு நம்பிக்கை வந்துவிட்டதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

முனிராஜ் தினமும் நோட்டீஸ் போர்டைப் பார்க்கிறார். நான் தினமும் முனிராஜுக்கு போன் செய்கிறேன்.