பூட்டு எங்க தம்பி?

ஆபீஸ் ஃபோன் போடுற தொழில்ல ஒரு கொடுமை: நல்லா பேசுற வரைக்கும் நம்ம ஞாபகமே யாருக்கும் வராது, ஒரு தடவ கரகரன்னா போதும், பந்தியில பாதி சாப்பாட்டுல கூப்பிடுவாங்க. ஏணி தூக்கித் தோள் காய்ச்சுப்போன என் சகபாடிங்களுக்கு இது தெரியும். விழுப்புரத்துல தனபால் மொதலாளியோட மல்லாட்டை மண்டியில, அதான் நிலக்கடலை மண்டியில, நான் பண்ணினதை உங்ககிட்ட சொன்னாதான் மனசு ஆறும்.

மரப்பெட்டி

அந்த மண்டியில ரொம்ப நாளா ஒரே ஃபோன்தான். பட்டனை மூட ஒரு மரப்பெட்டி, அதுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. வர்ற ஃபோனை யாரும் எடுக்கலாம். வெளிய பேசணும்னா கஸ்தூரியக்கா வந்து திறக்கணும். இருபத்திரண்டு வருஷமா ஃபோனைப் பாத்துக்கிற வேலை அவங்களுது. சாவி அவங்க வளையல்ல மாட்டின ஊக்குல தொங்கும். வெள்ளிக்கிழமையானா பெட்டிக்கு சந்தனம், குங்குமம். ரிசீவரைக் காதுல வெச்சா சந்தனம் மணக்கும். இப்பவும் எங்கயாவது அந்த வாசனை வந்தா, ஒரு நிமிஷம் அந்த மண்டியில போய் நிக்கிறேன். அந்த நாளை நினைச்சா ஏக்கமாதான் இருக்கு.

ரெண்டு வருஷம் முன்ன அதைக் கழட்டிட்டு, இங்கயும் திண்டிவனம் கிளையிலயும் மேஜைக்கு ஒண்ணா இன்டர்நெட் ஃபோன் போட்டேன். அக்கா புது ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பூட்டு எங்கன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். இதுக்கெல்லாம் பூட்டு கிடையாதுக்கான்னேன். அவங்க விடல. "அப்ப யார் வேணா கேக்கலாமா தம்பி?"

துண்டு

நியாயமா ரெண்டு காரியம் பண்ணியிருக்கணும். பேச்சை என்க்ரிப்ட் பண்ணணும். நடுவுல எவன் கேட்டாலும் வெறும் இரைச்சல்தான் கேக்கும். அப்புறம், நாம பதிஞ்சு வெச்ச ஃபோனைத் தவிர வேற எதைச் சொருகினாலும் நெட்வொர்க் உள்ள விடாதபடி பண்ணணும். இதைச் சொன்னதும் மொதலாளிக்குப் பளிச்சுனு புரிஞ்சுது. அவர் காலமெல்லாம் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசினவரு. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூட ரேட்டு தெரியாது.

அன்னிக்கு கண்டாச்சிபுரத்துல மச்சானுக்கு நிச்சயதார்த்தம். அடுத்த வாரம் வந்து போட்டுத் தர்றேன்னு கிளம்பிட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. உங்கள்ல எத்தினி பேர் இப்படிச் சொல்லிட்டு வந்திருக்கீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. மொதலாளி வாசல் வரைக்கும் வந்து சொன்னாரு: "துண்டு மாதிரிதான? மறக்காம போட்டுடு."

அக்கா மேல பழி

இந்த அறுவடைக்கு பேஜாரு ஆரம்பிச்சுது. காலையில விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனத்துக்கு ரேட்டு சொல்லுவாங்க. பத்து நிமிஷத்துல, அங்க பக்கத்துக் கடை வியாபாரி அதுக்கு மேல கொஞ்சம் வெச்சுக் கேப்பாரு. மூட்டையெல்லாம் அவர் பக்கம் திரும்பிடும். தினமும் இதே கதை. அந்த ஃபோனை இப்பவும் போட்டுக் குடுக்கிறது கஸ்தூரியக்காதான். அப்ப சொன்னது யாரு? மொதலாளி அக்காவையே சந்தேகப்பட்டு, வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டு நிறுத்தறதா முடிவு பண்ணிட்டாரு.

அக்கா யாருக்கெல்லாம் பேசறாங்கன்னு பாத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாரு. பாத்தேன். மண்டி வேலை நம்பருங்களைத் தவிர அவங்க பொண்ணு நம்பர் ஒண்ணுதான். திரும்பினா அக்கா பின்னாடியே நின்னுக்கினு இருக்காங்க, கண்ணு செவசெவன்னு. "நான் சொல்லியிருப்பேன்னு நீயும் நினைக்கிறியா தம்பி?"

உறை மோர்

மறுநாள் காலையிலயே திண்டிவனம் போனேன். கிளையில நம்ம ஒயரெல்லாம் வந்து சேர்ற பெட்டியிலேர்ந்து ஒரு நீல ஒயர் சுவத்து ஓட்டை வழியா பக்கத்துக் கடைக்குப் போவுது. நான் போட்டது இல்ல அது. அதே பெட்டியில என் லேப்டாப்பைச் சொருகி, ஒரு சின்ன சாஃப்ட்வேரை ஓட விட்டு, அங்க இருந்த ஃபோன்ல அக்காவைக் கூப்பிட்டேன். அவங்க "அலோ, மண்டிங்க"ன்னது லேப்டாப்லயும் கணீர்னு கேட்டுது. நீல ஒயரோட அந்த முனையில இருக்கிறவனுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். இந்த ஒயர் ஏதுன்னு கிளையைப் பாத்துக்கிற முருகையனைக் கேட்டேன். அந்த வெள்ளந்தி மனுஷன் சாதாரணமா சொன்னாரு: "அறுவடைக்குக் கொஞ்சம் முன்ன பக்கத்துக் கடையில நெட்டு கேட்டாங்க. உறை ஊத்த மோர் கேட்டா இல்லன்னு சொல்லுவோமா?"

ஒத்துக்கினது

ஏதோ நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். நம்ம தொழில்ல அந்த வார்த்தைக்கு எவனும் மறுகேள்வி கேக்க மாட்டான். ஆனா அக்கா முகம் கண்ணுக்குள்ளயே நின்னுது. விழுப்புரம் வந்து, அவங்களை வெச்சுக்கினே மொதலாளிகிட்ட சொன்னேன்: தப்பு என்னுது, ரெண்டு வருஷமா திறந்து போட்டுட்டேன், அக்கா ஒண்ணும் பண்ணல. மொதலாளி தானே எழுந்து போய் அக்காவுக்கு டீ வாங்கிக்கினு வந்து வெச்சாரு.

நீல ஒயரைப் பிடுங்கியாச்சு. விட்டுப்போன ரெண்டு வேலையும் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிச்சேன். இனி புது ஃபோன் எதைச் சேர்க்கணும்னாலும் வேண்டிய பாஸ்வேர்டு எழுதின சீட்டை அக்காகிட்ட குடுத்தேன். அவங்க வளையல் ஊக்கைக் கழட்டினாங்க. அந்தப் பழைய சாவி இன்னும் அதுலயே இருக்கு. சீட்டை மடிச்சு அது கூடவே குத்திக்கினு சொன்னாங்க: "பூட்டைக் கழட்டின அன்னிக்கே கேட்டேன். நீதான் சிரிச்ச."

அந்தச் சின்னப் பித்தளைப் பூட்டு சும்மா தொங்கிக்கினே பண்ணின வேலையைப் பண்ண, விசிட்டிங் கார்டுல நிபுணர்னு போட்டுக்கினு திரியற எனக்கு ரெண்டு வருஷமும் ஒரு நல்ல மனுஷியோட கண்ணீரும் தேவைப்பட்டுச்சு.