மழை இல்லாத நாளின் சைபர்

ஐம்பதுகளின் கடைசியில் குற்றாலத்தில் மழைமானி பார்த்தவர் அவர். காதில் பென்சில், கையில் குடை. எவ்வளவு கொட்டினாலும் அந்தக் குடையை விரிக்கமாட்டார். தினமும் காலை எட்டரைக்கு அளந்த அங்குலத்தை அலுவலக நோட்டில் எழுதிவிட்டு, மடியிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதுவார்.

“அது எதுக்கு?” என்று கேட்டேன்.

“மனசுல பெஞ்சதுக்கு, அண்ணாச்சி.”

என் மனைவி இறந்து எழுபத்து மூன்று நாளாகியும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தென்காசியில் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று நாள் வெறும் தாளைப் பார்த்திருந்துவிட்டு அவரிடம் போய், “எனக்கு ஒண்ணும் வரல” என்று சலித்துக்கொண்டேன்.

“வரலன்னா வரலன்னு எழுதுங்க. மழை இல்லாத அன்னைக்கு பக்கத்த விட்டுட்டா போவோம்? சைபர் போடுதோம்லா.”

பத்து நாள் சைபர் போட்டேன். பதினோராம் நாள், ‘சைபர். இதைப் பார்த்தால் அவள் சிரிப்பாள்’ என்று எழுதினேன். பிறகு கை நிற்கவில்லை. பாதி மை கண்ணீரில் கரைந்தது.

மறுநாள் தென்காசி வீட்டிலிருந்து குற்றாலத்துக்கு மூன்று மைலும் நடந்துபோய் நோட்டை விரித்துக் காட்டினேன். “நாப்பத்தாறு வரி!”

“அப்போ அருவியே விழுந்துட்டு” என்றார்.

சாரல் தூறியது. அவர் குடையை விரித்து என் நோட்டுக்கு மேல் பிடித்தார். அது விரிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.