நிழல் பக்கத்துப் பழங்கள்

எங்கள் கொய்யா ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குத் தராசு என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் சீண்டுவதில்லை. இனக்கலப்பு செய்து வளர்த்த மரங்களின் பழத்தைப் பறித்து, எடை போட்டு, அறுத்து, விதை பார்த்து இம்மி பிசகாமல் மதிப்பெண் போடுவது அவர் வேலை. அதே பழத்தை அரைத்து வைட்டமின் சி எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. சாற்றில் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நிறம் மறைந்துகொண்டே இருக்கும். கடைசியில் இளஞ்சிவப்பு மறையாமல் தங்கிவிட்டால் முடிந்தது. எவ்வளவு சாயம் குடிக்கிறதோ அவ்வளவு சத்து. இதற்கு ஒரு வெள்ளை அங்கி வேறு.

அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி. அண்ணியும் பண்ணையில்தான் இருந்தார். விரியாத மொட்டைப் பிரித்து, வேறு மரத்தின் மகரந்தத்தைத் தடவி, காகிதப் பை கட்டுவார். கை அவ்வளவு சுத்தம். வாய் மட்டும் ஓயாது. மொட்டை அதட்டுவார், பையோடு சண்டை போடுவார். "ஏங்க, இதுல ஒண்ணாவது தேறும், பாருங்க" என்று புருஷனிடம் சவால் விட்டு அவர் கடைசியாகக் கட்டிய பைகளிலிருந்து நாற்பத்தோரு கன்றுகள் வந்தன. அவை முழங்கால் உயரம் வளர்ந்தபோது அண்ணி போய்விட்டார். வயிற்றில் கட்டி, கண்டுபிடித்து மூன்றே மாதம்.

ஒரே தாய், ஒரே தகப்பன். ஆனாலும் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தொரு குணம். ஒன்று பெரிதாகக் காய்த்து உப்புச்சப்பில்லாமல் இருக்கும். இன்னொன்று நன்றாக இனிக்கும், விதை பல்லைப் பேர்க்கும். ஒவ்வொரு பருவமும் அறுபது மதிப்பெண்ணுக்குக் கீழே போன மரத்தை வேரோடு பிடுங்கிவிடுவார்கள். கடைசிவரை தாங்கியதன் கிளையெடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்குவார்கள். இரண்டாம் பருவத்தில் அண்ணியின் கன்றுகளில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஏழாம் வரிசை, பத்தொன்பதாம் மரம். அண்ணன் சாப்பாட்டுப் பையை அதில்தான் மாட்டுவார்.

பண்ணையில் யார் வாய்க்கும் பூட்டு கிடையாது. "தராசு பொண்டாட்டி மரமாச்சே, தானா தேறிடும்" என்று தேநீர் வேளையில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்தாரே தவிர முகம் செத்துப்போயிருந்தது. அவனை அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டும் நான். டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அந்த மரத்தின் பழம் வந்தது. நாலு திசையிலும், மேலும் கீழுமாக எட்டுப் பழம் எடுக்க வேண்டும் என்பது விதி. வெயில் பட்டதில் சத்தும் இனிப்பும் கூடுதலாக இருக்கும், உள்ளே நிழலில் காய்த்ததில் குறையும். கூடையில் இருந்த எட்டும் வெளிறிக் கிடந்தன. வெயில் பட்ட பழம் ஒன்றுகூட இல்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வாயெடுத்தேன். தராசிடமே போய்ச் சந்தேகம் கேட்பதா என்று விழுங்கிவிட்டேன். இளஞ்சிவப்பு சீக்கிரமே தங்கிவிட்டது. மொத்த மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

"ரெண்டுதானே குறையுது அண்ணே. அதிகாரிகிட்ட சொல்லிப் பார்க்கலாமா?"

"வேண்டாம்மா. மத்த மரத்துக்கெல்லாம் சொன்னோமா?"

செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. மரத்தை வேரோடு பிடுங்கி, பூச்சி தங்கும் என்று கிளைகளை அங்கேயே அரைத்துத் தூளாக்கினார்கள். அதற்கு முன்னால் அண்ணன் ஏணி போட்டு உச்சியில் கிடந்த பழங்களைப் பறித்து வைத்திருந்தார். மறுநாள் காலையில் நாலு பழத்தை என் மேஜையில் வைத்தார். "உங்க அண்ணி நெனப்பா சாப்பிடு."

ஒன்றைக் கடித்தேன். விதை இருப்பதே தெரியவில்லை. அப்படி ஒரு இனிப்பு. மற்றதை அரைத்துச் சோதித்தேன், கைப்பழக்கம். சாயம் விட விட நிறம் மறைந்தது. சாயக் குழாய் காலியாகியும் இளஞ்சிவப்பு தங்கவில்லை. மறுபடி நிரப்பினேன். இத்தனை வருடத்தில் எந்த மரமும் அவ்வளவு குடித்ததில்லை. அண்ணன் என் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு எண்ணைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"நெழல் பக்கமாவே பறிச்சேன்மா" என்றார். "அவ மரம்னு ஏத்திப் போட்டுட்டேன்னு எவனும் சொல்லிடக் கூடாதுன்னு. அதுலயும் தேறிட்டா யாரும் வாயத் தொறக்க முடியாதுல்ல?"

ஒட்டுக்கட்ட ஒரு குச்சியாவது கிடைக்காதா என்று ஏழாம் வரிசைக்கு ஓடினோம். குழியை மூடியிருந்தார்கள். கிளைத் தூளை ஈரம் காக்கும் மூடாக்காகப் பக்கத்து மரங்களின் அடியில் பரப்பியிருந்தார்கள். அண்ணன் மண்டியிட்டு அதைக் கையால் கிளறினார். விரல் நீளத்துக்குக்கூட ஒரு துண்டு இல்லை. பழத்தின் விதை முளைக்கும், ஆனால் முளைப்பது வேறு மரம். அது எங்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கையில் ஒட்டிய தூளைத் தட்டாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கூடையப் பார்த்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது அண்ணே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஓடிப்போய் ஒழுங்காப் பறிச்சிட்டு வந்திருப்பேனேம்மா" என்றார்.