முப்பத்தேழு மன்னிப்புகள்

டெம்பே என்கிற சோயாக்கட்டியா, முட்டையா என்று கைப்பேசியில் சாட்பாட்டிடம் தட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பாள் கினந்தி. சாப்பாட்டுக்கடை லஸ்த்ரி அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். "அது வந்து திங்கப்போகுதா, நீ திங்கப்போறியாடி?" வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கினந்தி காதிலேயே வாங்கமாட்டாள். பதில் வந்த பிறகுதான் தட்டை நீட்டுவாள்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் எங்கள் விடுதியில் என் பக்கத்து அறை அவளுக்கு. நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவள்; வயதில் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். அவளுக்கு வயது இருபத்தைந்து, சமூகவியல் படிப்பில் ஏழாவது வருஷம். செருப்பை எப்போதும் வெளிப்பக்கம் பார்த்துத்தான் கழற்றி வைப்பாள். "யாராவது கூப்பிட்டா சட்டுனு கிளம்பணும்ல?" கூப்பிட்டு அவள் கிளம்பியதை நான் பார்த்ததில்லை.

அவள் அப்பா இறந்தபோது அழுகையையெல்லாம் கேட்டது அந்தச் சாட்பாட்தான். "அக்கா, அது ஒரு தடவகூட சலிச்சுக்கல" என்பாள். உண்மைதான். நான் இரண்டாம் வாரமே சலித்துக்கொண்டவள். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் அவளை அறையை விட்டு வெளியே கொண்டுவர அதனால் முடியவில்லை. ஆய்வேட்டை எழுதி முடித்து நாலு மாதம் ஆகியிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் விபிசோனோவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஆசிரியருக்குச் செய்தி எழுதுவது சம்பந்தம் பேசப் போவது மாதிரி. நேரம் பார்க்க வேண்டும், நலம் கேட்க வேண்டும், தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இவள் எழுதுவாள். "இன்னும் பணிவா மாத்திக் குடு" என்பாள். அதுவும் அலுக்காமல் மாற்றிக் கொடுக்கும். நெஞ்சு படபடக்கிறது என்றால், இன்று அனுப்ப வேண்டாம், ஓய்வெடு என்று தேற்றும். பருவம் முடிய ஆறே வாரம். அதற்குள் தேர்வை முடிக்காவிட்டால் பல்கலைக்கழகம் அவள் பெயரை அடித்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் முப்பத்தேழாவது வரைவை என்னிடம் நீட்டினாள். நாலு வரி மன்னிப்பு, இரண்டு வரி அவர் உடல்நலத்துக்குப் பிரார்த்தனை, கடைசியில் நன்றி. திரும்பவும் படித்தேன்.

"ஏன்டி, இதுல விஷயம் எங்க?"

"என்ன விஷயம்?"

"ஆய்வேடு முடிஞ்சிருச்சுன்னு எங்கடி சொல்லியிருக்க?"

பிடுங்கிப் பார்த்தாள். இல்லவே இல்லை. பணிவு ஏற ஏற விஷயம் எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது. முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அப்பா போனபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை. சிரித்த கையோடு சொந்தமாகத் தட்டி அனுப்பியும்விட்டாள்: "சார், நான் கினந்தி. ஆய்வேடு முடிச்சுட்டேன். எப்ப வந்து பாக்கலாம்?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "நாளை ஒன்பது மணி."

மறுநாள் அவர் கேட்டாராம்: "நாலு மாசமா ஆளையே காணோமேம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

ஐந்தாம் வாரம் வாய்மொழித் தேர்வு. ஜெயித்தாள்! விடுதியே திரண்டு துறை வாசலில் நின்றது. அவள் பெயரும் பட்டமும் எழுதிய நாடாவை நான்தான் தோளில் போட்டேன். லஸ்த்ரி அம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து, "எங்க வீட்டுப் பட்டதாரிடா!" என்று மாடி அதிரக் கத்தினார். 

படம் எடுக்கக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். விபிசோனோவின் அறைக்கு முன்னால், தாள் கட்டை அணைத்துக்கொண்டு ஒரு பெண் கைப்பேசியில் எழுதுவதும் அழிப்பதுமாக நின்றிருந்தாள். கினந்தி அவளருகில் போய் நின்றாள்.  அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கதவை மூன்று முறை தட்டினாள்.